சிங்க் வேறு, பேக்கப் வேறு

குறிப்பெழுதும் செயலிகள் பெரும்பாலானவற்றில் 'சேமி' என்ற பொத்தான் கிடையாது. தட்டச்சு செய்யச் செய்யத் தாமாகவே சேமித்துக்கொண்டு போகின்றன. களப்பணியில் ஒரு பாட்டி சொன்ன வழக்குச்சொல், மருத்துவர் மாற்றிக்கொடுத்த மாத்திரையின் அளவு, ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்குத் தோன்றிய பாதி யோசனை, வீட்டுக் கடன் தவணை விவரம் என எல்லாம் அந்தச் சாளரத்துக்குள் போகின்றன. எங்கே போகின்றன என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இந்த அத்தியாயம் அதைத்தான் கேட்கப்போகிறது. ஒரு குறிப்பு கணினியில் எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பது புரியும். அது தெரியாமல் எடுக்கும் பேக்கப் பல நேரங்களில் பேக்கப்பே அல்ல.

ஒரு மனிதரின் குறிப்புகள் முழுவதையும் ஓர் இயந்திரத்துக்குள் வைக்கலாம் என்ற எண்ணம் மேசைக் கணினிகளுக்கு வெகுகாலம் முந்தியது. 1945 ஜூலையில் 'தி அட்லாண்டிக்' இதழில் அமெரிக்கப் பொறியாளர் வனேவர் புஷ் 'மெமெக்ஸ்' என்ற மேசையைக் கற்பனை செய்து எழுதினார். ஒருவருடைய நூல்கள், கடிதங்கள், குறிப்புகள் எல்லாம் மைக்ரோஃபிலிமாக அதற்குள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தடம் போட்டு வைக்கலாம். அந்த மேசை கட்டப்படவே இல்லை. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் காகிதத்திலேயே அதைச் செய்துகாட்டினார். சுமார் 90,000 துண்டுச்சீட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்குச் சுட்டு. அவர் 1998-ல் மறைந்தார்; அந்தச் சீட்டுப் பெட்டிகள் இப்போது பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. காகிதத்துக்கு ஒரு பலம் உண்டு: படிக்கக் கண் போதும். கணினிக் குறிப்புக்கு அந்தப் பலம் இல்லை. காகிதத்துக்கு இல்லாத வேறொரு பலம் அதற்கு உண்டு. ஓர் எழுத்தும் பிசகாமல், சில நொடிகளில், எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதைச் செய்யாதவர் இரண்டு பலத்தையும் விட்டவர் ஆகிறார்.

சிட்டையும் பேரேடும்

ஜாப்ளின் என்ற செயலியை எடுத்துக்கொள்வோம். லோரான் கோசிக் என்பவர் தொடங்கியது. மூலநிரல் திறந்தது, இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலும் ஓடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறேன். விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் 'கான்ஃபிக்' என்றொரு கோப்புறை இருக்கும். அதன் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். அதற்குள் 'ஜாப்ளின்-டெஸ்க்டாப்'. அதையும் திறந்தால் 'டேட்டாபேஸ்' என்று ஒரு கோப்பு கண்ணில் படும். நீங்கள் எழுதிய எல்லாக் குறிப்புகளும், நோட்டுப்புத்தகங்களும், குறிச்சொற்களும் அந்த ஒரே கோப்பில்தான் இருக்கின்றன. படங்களும் பிடிஎஃப்களும் மட்டும் பக்கத்திலேயே 'ரிசோர்ஸஸ்' என்ற தனிக் கோப்புறையில், 32 குறிகள் கொண்ட பெயர்களோடு கிடக்கும். டேட்டாபேஸ் கோப்பை மட்டும் நகலெடுத்தவருக்கு எழுத்து வரும், படம் வராது.

அந்தக் கோப்பின் வகை எஸ்கியூலைட். அதற்கு ஒரு கதை உண்டு. ரிச்சர்ட் ஹிப் என்ற நிரலாளர் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணை தாங்கிய போர்க்கப்பல்களுக்கு, சேதக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். தரவுகளைத் தரும் சர்வர் நின்றுபோனால் அவருடைய நிரலும் செயலற்றுப்போனது. சேதக் கட்டுப்பாட்டுக்கு என்றே எழுதிய நிரல், சேதம் நேரும் வேளையில் கைவிடக் கூடாதல்லவா? சர்வரே தேவைப்படாத, ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம் ஒன்றை அவர் எழுதி, 2000-ல் வெளியிட்டார். இன்று நம் கையிலுள்ள எல்லா ஸ்மார்ட்ஃபோன்களிலும் அது இருக்கிறது. ஆப்பிளின் நோட்ஸ் செயலிகூடத் தன் குறிப்புகளை எஸ்கியூலைட் கோப்பில்தான் வைக்கிறது.

எஸ்கியூலைட் தன் கோப்பைப் பக்கங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. பக்கம் ஒன்றின் வழக்கமான அளவு 4,096 பைட்கள். நீங்கள் ஒரு குறிப்பில் ஒரு வரி சேர்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் மாறுவதில்லை. குறிப்பின் உடல் உள்ள பக்கம், அது எப்போது மாறியது என்பதற்கான பக்கம், தேடுவதற்கான சொல்லடைவுப் பக்கங்கள் எனப் பல மாற வேண்டும். மூன்று பக்கங்களை மாற்றிவிட்டு நான்காவதை எழுதுவதற்குள் மின்சாரம் போனால்?

எஸ்கியூலைட் இதற்கு இரண்டு வழிகள் வைத்திருக்கிறது. பழைய வழியில், ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு முன் அதன் பழைய வடிவத்தை வேறொரு துணைக்கோப்பில் எழுதிவைக்கும். நடுவில் ஏதாவது நேர்ந்தால் பழையதை எடுத்துத் திரும்பப் போட்டுவிடும். 2010-ல் வந்த புதிய வழி நம் கடைவீதிகளில் நெடுங்காலமாக இருப்பதுதான். மளிகைக்கடைக்காரர் பகலெல்லாம் வரவு செலவைச் சிட்டையில் குறித்துக்கொண்டே போவார். இரவு கடை கட்டும்போது உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார். எஸ்கியூலைட்டும் புதிய மாற்றங்களை முதலில் ஒரு சிட்டைக் கோப்பில் எழுதி, அது ஓரளவு நிறைந்ததும் பெரிய கோப்பில் ஏற்றுகிறது. ஏற்றும்போது மின்சாரம் போனாலும் கவலையில்லை. சிட்டை இருக்கிறது, அடுத்த முறை திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து ஏற்றிக்கொள்ளும்.

இப்போது ஒருவர் பகல் மூன்று மணிக்கு வந்து, சிட்டையை விட்டுவிட்டுப் பேரேட்டை மட்டும் நகலெடுத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய வரவு செலவு அதில் இருக்காது. ஏற்றிக்கொண்டிருக்கும் வேளையிலேயே எடுத்தால் இன்னும் மோசம்: சில பக்கங்கள் பழையவை, சில புதியவை, கூட்டல் எங்கும் ஒத்துப்போகாது. செயலி திறந்திருக்கும்போதே டேட்டாபேஸ் கோப்பைப் பென் டிரைவுக்கு இழுத்துப்போடுவது இதே வேலைதான். பல முறை சரியாகவே வந்துவிடும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. சரியாக வந்த முறைகள் நம்பிக்கையை வளர்க்கும். சிதைந்து வந்த முறை எது என்பது, திரும்ப எடுக்க வேண்டிய நாளில்தான் தெரியும். செயலியை முழுவதும் மூடிவிட்டுக் கோப்புறையை மொத்தமாக நகலெடுப்பது ஒரு வழி. செயலியே தரும் 'எக்ஸ்போர்ட்' வசதியைப் பயன்படுத்துவது அதைவிட நல்ல வழி, ஏனென்றால் சிட்டையில் எது, பேரேட்டில் எது என்பது செயலிக்குத் தெரியும்.

ஆப்சிடியன் போன்ற செயலிகளில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே ஒவ்வொரு குறிப்பும் தனித்தனி எழுத்துக்கோப்பு. ஜான் க்ரூபர் 2004-ல் அறிமுகப்படுத்திய மார்க்டவுன் வடிவில் இருக்கும். எந்த நோட்பேடிலும் திறக்கும். மைக்ரோசாஃப்டின் ஒன்நோட் மேசைக்கணினிப் பதிப்பு தானாகவே அவ்வப்போது பேக்கப் எடுக்கிறது. வழக்கமான அமைப்பில் அது அதே கணினியின் அதே டிஸ்கில்தான் விழுகிறது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு இடைவெளியும் உண்டு. செயலி 'எழுதிவிட்டேன்' என்று சொன்னாலும், இயங்குதளம் அதை உடனே டிஸ்கில் எழுதுவதில்லை. வேகத்துக்காக நினைவகத்தில் வைத்திருந்து, சேர்த்து எழுதும். லினக்ஸில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 30 நொடிகள்வரை நீளலாம். எஸ்கியூலைட் போன்றவை 'இப்போதே எழுது' என்று வற்புறுத்திக் கேட்டு இதைச் சமாளிக்கின்றன. பென் டிரைவை 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்குபவர் இந்த இடைவெளிக்குள்தான் கைவைக்கிறார்.

எல்லா இடத்திலும் இருப்பதால் பத்திரம் ஆகாது

"என் குறிப்புகள் கிளவுடில் இருக்கின்றன, ஃபோனிலும் இருக்கின்றன, லேப்டாப்பிலும் இருக்கின்றன, மூன்று படிகள் இருக்கின்றன" என்று பலர் சொல்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் நான் மறுக்க விரும்புவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

சிங்க் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: இரண்டு இடங்களை ஒன்றுபோல ஆக்குவது. லேப்டாப்பில் எழுதியது ஃபோனில் வரும். லேப்டாப்பில் அழித்தது ஃபோனிலும் அழியும். முதலாவதை மட்டும் செய், இரண்டாவதைச் செய்யாதே என்று அதனிடம் சொல்ல முடியாது. அழித்தலும் அதற்கு ஒரு மாற்றம்தான். ஜாப்ளினின் சிங்க் அமைப்புகளில் ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறது: சிங்க் செய்யும் இடம் காலியாக இருந்தால், கணினியில் உள்ள குறிப்புகளைத் துடைத்துவிடாதே என்று செயலிக்குச் சொல்வது. அப்படி ஒரு வசதி ஏன் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கிளவுடில் உள்ள கோப்புறையை யாரோ பெயர் மாற்றிவிடுகிறார்கள், அல்லது சிங்க் ஆக வேண்டிய வெளி டிஸ்க் அன்று செருகப்படவில்லை. செயலி போய்ப் பார்க்கிறது. அங்கே ஒன்றுமே இல்லை. சிங்க்கின் தர்க்கப்படி இதற்கு ஒரே பொருள்தான்: உரிமையாளர் எல்லாவற்றையும் வேறெங்கோ அழித்துவிட்டார், நாமும் அழிக்க வேண்டும். அந்த வசதியை எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்.

இரண்டு கணினிகளில் ஒரே குறிப்பை மாற்றினால் எது பிந்தியது என்பதும் தோன்றுகிற அளவுக்கு எளிய கேள்வி அல்ல. இரண்டு கடிகாரங்கள் ஒருபோதும் முழுவதும் ஒத்துப்போவதில்லை. லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது: பிரிந்து கிடக்கும் கணினிகளில் 'முன்', 'பின்' என்பதைக் கடிகாரத்தை நம்பாமல், எந்தச் செய்தி எதற்குக் காரணமாயிற்று என்பதைக் கொண்டே வரையறுக்க வேண்டும் என்றார். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இரண்டு இடங்களில் நடந்த மாற்றங்களுக்கு முன், பின் என்பதே கிடையாது. ரயிலில் இணையம் இல்லாமல் ஃபோனில் திருத்தியதும், வீட்டில் லேப்டாப்பில் திருத்தியதும் அப்படிப்பட்டவை. ஜாப்ளின் இந்த நிலையில் ஒரு வடிவத்தை 'கான்ஃபிளிக்ட்ஸ்' என்ற நோட்டுப்புத்தகத்தில் தனியே போட்டுவைக்கிறது. அதைத் திறந்து பார்க்காதவர்கள் தாங்கள் எழுதிய பத்திகளை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

சிங்க்கையே பேக்கப் என்று நம்பியதன் விளைவு 2009 ஜனவரி 30 அன்று மக்னோலியா என்ற தளத்துக்கு நேர்ந்தது. இணையப் பக்கங்களைக் குறித்துவைக்கும் சேவை அது. அதன் தரவுத்தளம் ஏறத்தாழ அரை டெராபைட். கோப்பு சிதைந்தது. அதற்குப் படி இருந்தது. ஆனால் அந்தப் படி மூலக் கோப்பை அப்படியே ஒத்திசைத்துக்கொண்டிருந்த படி. மூலத்தின் சிதைவு படியிலும் ஏறியிருந்தது. பயனர்கள் சேர்த்த குறிகள் போயின, சேவையும் நின்றது. வைரஸ்களும் இப்படித்தான். 2017 மே மாதம் வானக்ரை உலகெங்கும் பரவியபோது, பாதிக்கப்பட்ட கணினியோடு செருகியிருந்த டிஸ்குகளில் உள்ள கோப்புகளையும் பூட்டியது. எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க் கணினியின் ஒரு பகுதிதான்.

பேக்கப் என்பதற்குக் கடந்த காலம் வேண்டும். நேற்றைய நிலை, போன வாரத்து நிலை, மூன்று மாதத்துக்கு முந்தைய நிலை எல்லாம் தனித்தனியே கிடைக்க வேண்டும். இன்றைய தவறு நேற்றைய படியைத் தொட முடியாத தூரத்தில் அது இருக்க வேண்டும். ஜாப்ளின் ஒரு குறிப்பின் பழைய வடிவங்களை இயல்பாக 90 நாள் வைத்திருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் அந்த வடிவங்களும் அதே டேட்டாபேஸ் கோப்புக்குள்தான் இருக்கின்றன.

ஐந்து வழிகளும் அடைத்த இரவு

2017 ஜனவரி 31 இரவு கிட்லாப் நிறுவனத்தில் நடந்தது கணினித் துறையில் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. நிரலாளர்கள் தங்கள் மூலநிரலை வைத்துக்கொள்ளும் சேவை அது. அவர்களுக்கு ஒரு முதன்மைத் தரவுத்தளமும், அதைப் பின்பற்றி ஓடும் இரண்டாவது தரவுத்தளமும் இருந்தன. அன்று சுமை கூடி, இரண்டாவது பின்தங்கியது. நாள் முழுக்க உழைத்துக் களைத்திருந்த ஒரு பொறியாளர், இரண்டாவதில் உள்ள பழைய கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகப் படியெடுக்கலாம் என்று அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு நொடிகளில் அவருக்குப் புரிந்தது: அவர் நின்றுகொண்டிருந்தது முதன்மைச் சர்வரில். நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியிருந்தது.

சரி, பேக்கப்பிலிருந்து எடுப்போம் என்று போனார்கள். தினமும் தானாக எடுக்கப்பட்டு அமேசானின் சேமிப்பில் விழ வேண்டிய படி அங்கே இல்லை. பெட்டி காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, படியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக ஓடியதால் ஒவ்வொரு நாளும் பிழை சொல்லி நின்றிருந்தது. பிழை நேர்ந்தால் மின்னஞ்சல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்களை, முறையாகக் கையொப்பமிடப்படவில்லை என்று அஞ்சல் சர்வர் திருப்பிவிட்டிருந்தது. எனவே யாருக்கும் தெரியவில்லை. அசூர் கிளவுடில் டிஸ்க் முழுவதையும் பதிவுசெய்யும் வசதி வேறு சர்வர்களுக்கு இருந்தது. தரவுத்தளச் சர்வர்களுக்கு இயக்கப்படவில்லை. பின்பற்றி ஓடும் இரண்டாவது தரவுத்தளமோ, அதைச் சரிசெய்யும் முந்தைய முயற்சியிலேயே துடைக்கப்பட்டிருந்தது. இப்படி ஐந்து வழிகள் வைத்திருந்தும் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை.

கடைசியில் காப்பாற்றியது தற்செயல். விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் கையாலேயே ஒரு படி எடுத்து வைத்திருந்தார். அதை வைத்து மீட்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் உருவானவை போயின: சுமார் 5,000 திட்டங்கள், அதே அளவு கருத்துகள், ஏறக்குறைய 700 புதிய கணக்குகள். கிட்லாப் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பிறகு விரிவாக எழுதி வெளியிட்டது. அந்த நேர்மையால்தான் இந்த விவரங்களை இன்று நாம் படிக்க முடிகிறது. மற்ற நிறுவனங்களும் அப்படிச் செய்ய வேண்டும்.

நம் வீட்டுக் கணினிக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், அந்த மின்னஞ்சல்தான். பேக்கப் நின்றுபோவது சத்தம் போடாது. பழைய படி அங்கேயே இருக்கும், கோப்புறையின் பெயரும் அப்படியே இருக்கும், உள்ளே தேதி மட்டும் எட்டு மாதத்துக்கு முந்தியதாக இருக்கும். மாதம் ஒருமுறை அந்தத் தேதியைப் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

டிஸ்குகளும் சாகும்போது முன்கூட்டிச் சொல்வதில்லை. கூகுள் ஆய்வாளர்கள் 2007-ல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகளைக் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே அளந்து சொல்லும் ஏற்பாடு உண்டு. பழுதான டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலாக, எந்த அளவீட்டிலும் ஓர் எச்சரிக்கையும் காட்டாமலே போயிருந்தன. எஸ்எஸ்டி வேறு விதம். அதில் எழுத்து என்பது நுண்ணறைகளில் அடைபட்ட எலக்ட்ரான்கள். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அவை மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். எழுதி எழுதித் தன் ஆயுளின் வரம்பைத் தொட்டுவிட்ட சாதாரண எஸ்எஸ்டிகூட, மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான் தொழில்துறைத் தரநிர்ணயம். புதிய எஸ்எஸ்டி அதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனாலும் மே மாத அலமாரியில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைக்க அது ஏற்றதல்ல. நெடுநாள் பாதுகாப்புக்குச் சுழலும் ஹார்டு டிஸ்க்கையே நான் விரும்புவேன்.

இடமும் முக்கியம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, மேசை மேல் இருந்த கணினிக்கும் அதன் கீழறையில் இருந்த பேக்கப் டிஸ்குக்கும் வேறுபாடு இருக்கவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்ற சேமிப்பு எரிந்தது. 858 டெராபைட். கொள்ளளவு மிகப் பெரியது என்று சொல்லி வெளியே படி எடுக்காமல் விட்டிருந்தார்கள். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி இதற்காகத்தான்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ.

குறிப்புகளைப் பொறுத்தவரை கொள்ளளவைக் காரணம் சொல்ல நமக்கு வழியே இல்லை. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் கணினியில் 3 பைட். 500 சொற்கள் கொண்ட ஒரு குறிப்பு 15 கிலோபைட் அளவில் அடங்கும். அப்படிப் பத்தாயிரம் குறிப்புகள் 150 மெகாபைட். படங்களை விட்டுவிட்டால், ஒருவர் வாழ்நாளெல்லாம் எழுதுவது ஒரு சிறிய பென் டிரைவின் மூலையில் அடங்கிவிடும். எனவே பழைய படியின் மேல் புதியதை எழுதவே வேண்டாம். வாரம் ஒரு முழுத் தொகுப்பு, பெயரில் தேதி, அவ்வளவுதான்.

பைட் பிழைத்தும் எழுத்து பிழைக்காதது

தமிழர்களுக்கு மட்டும் ஒரு தனி அனுபவம் உண்டு. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தமிழில் தட்டச்சு செய்த பலருடைய கோப்புகள் இன்றும் குறுந்தட்டுகளில் நலமாக இருக்கின்றன. ஒரு பிட்கூடக் கெடவில்லை. திறந்தால் படிக்க முடிவதில்லை.

பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதியவர் உண்மையில் கணினியில் சேமித்தது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டியது. எழுத்துரு போனதும் தமிழும் போனது. திஸ்கி, தாப், தாம் எனக் குறியாக்கங்கள் பல இருந்தன. ஒன்றில் எழுதியது இன்னொன்றில் குப்பை. தமிழுக்கு 1991-லேயே யூனிகோடில் இடம் கிடைத்திருந்தும், 2010-ல்தான் தமிழக அரசு அதை முறைப்படி ஏற்றது. இடைப்பட்ட காலத்துக் குறிப்புகள் உங்கள் வீட்டில் இருந்தால், குறியாக்க மாற்றிகள் கிடைக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எந்த எழுத்துருவில் எழுதியது என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே செய்வது நல்லது.

யூனிகோடு வந்தபின்னும் நுணுக்கங்கள் தீரவில்லை. 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே துண்டாக வைக்கலாம், அல்லது ககரத்துடன் இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று எனப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கோப்பில் வேறு வேறு பைட்கள். ஒப்பிடும் நிரல் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால், 'கோவில்' என்று தேடினால் பாதி குறிப்புகள்தான் கிடைக்கும். ஆப்பிளின் பழைய கோப்பமைப்பு கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்து வந்தது. அப்படிப்பட்ட மேக்கிலிருந்து எடுத்த படியை வேறு கணினியில் போட்டால், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம்.

பெயரின் நீளமும் கவனிக்க வேண்டியது. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. 'கோயம்புத்தூர்' என்பது நம் கணக்கில் ஏழு எழுத்து. யூனிகோடில் 13 குறிகள். பைட் கணக்கில் 39. ஆக 85 குறிகளுக்கு மேல் நீளும் தமிழ்த் தலைப்பு அங்கே செல்லாது. விண்டோஸ் அளக்கும் முறை வேறு. அது 255 குறிகள்வரை ஏற்கும். ஆப்சிடியன் போலத் தலைப்பையே கோப்புப் பெயராக்கும் செயலியில், முழு வாக்கியத்தைத் தலைப்பாக வைத்து எழுதிய குறிப்பு விண்டோஸில் நன்றாக இருக்கும்; லினக்ஸில் ஓடும் வீட்டுச் சேமிப்புப் பெட்டிக்கு நகலெடுக்கும்போது அது ஒன்று மட்டும் விடுபடும். ஆயிரம் கோப்புகளுக்கு நடுவே வரும் அந்தப் பிழைச் செய்தியை அவசரத்தில் 'ஸ்கிப்' கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

செயலிகளும் சாகின்றன. கூகுள் நோட்புக் 2006-ல் வந்தது, 2009-ல் அதன் வளர்ச்சிப் பணி நின்றது, 2012-ல் மூடப்பட்டது. எவர்நோட் மூடப்படவில்லை, ஆனால் கைமாறிய பிறகு, 2023 இறுதியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள் என்று வரம்பு வைத்தது. எந்தச் செயலியில் எழுதத் தொடங்கும் முன்பும் அதிலிருந்து வெளியே வரும் வழியைப் பார்த்துவைப்பது நல்லது. ஜாப்ளின் 'ஜெக்ஸ்' என்று தரும் ஏற்றுமதிக் கோப்பு, உண்மையில் 'டார்' என்ற பழைய, பரவலான தொகுப்பு வடிவம்தான். ஜாப்ளினே இல்லாத காலத்திலும் 7-ஜிப் போன்ற கருவியால் பிரித்தால் உள்ளே குறிப்புகள் வெறும் எழுத்தாகக் கிடைக்கும். அந்தத் தொகுப்பில் பூட்டு எதுவும் கிடையாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சிங்க்குக்கு நீங்கள் மறையாக்கம் வைத்திருந்தாலும் ஏற்றுமதி திறந்த எழுத்தாகவே வரும். வங்கி விவரங்கள் இருந்தால் டிஸ்க்கையே கடவுச்சொல்லால் பூட்டுங்கள். அந்தக் கடவுச்சொல்லைக் குறிப்புச் செயலிக்குள்ளேயே எழுதிவைக்காமல், காகிதத்தில் எழுதி வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

இவ்வளவும் படித்தவர் இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். ஜாப்ளினில் எல்லாவற்றையும் ஜெக்ஸாக ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு புதிய 'புரொஃபைல்' ஒன்றை உருவாக்குங்கள்; அது ஒன்றுமில்லாத வெற்றுச் செயலியாகத் திறக்கும். அதில் சிங்க்கை இணைக்காமல், அந்த ஜெக்ஸ் கோப்பை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். மிகப் பழைய குறிப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். படம் ஒட்டிய ஒன்றைப் பாருங்கள். 'கோ' வரும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடிப் பாருங்கள். வேறு செயலி பயன்படுத்துபவர் தங்கள் செயலியில் இதற்கு நிகரானதைச் செய்யலாம். ஏதாவது ஒன்று வரவில்லை என்றால் ஏன் என்று கண்டுபிடித்து அன்றே சரிசெய்யுங்கள். மூலக் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது அது அரை மணி நேர வேலை.